குளச்சல் துறையில் தனிப்பயணி

பயணம் இருவகைப்படும். பலரோடு கூடிச் செல்வது ஒரு வகை. தனியே செல்வது மற்றொரு வகை. கூடிச் செல்வோர் இன்பத்தையும் துன்பத்தையும் பகிர்ந்துகொள்வர். ஆயினும், அவர்தம் காதுகளில் மிகுதியாக ஒலிப்பது அவர்தம் பேச்சே ஆகும். தனியே செல்பவருக்கோ பேச்சுத்துணை இல்லை. ஆதலால் அவர் கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு நடப்பார். வழி தெரியவேண்டின் ஊராரைக் கேட்பார். அவர் கேட்கத் தொடங்கியதும் ஊர் அவரிடம் பேசத் தொடங்கும்.

இவ்வாறு தனியே சென்று காண்பதற்குத் துறைமுக ஊர்கள் மிகவும் ஏற்றவை. நிலமும் கடலும் கைகோக்கும் இடம் அது. அங்கே நாள்தோறும் சிலர் புறப்படுவர், சிலர் திரும்புவர். புதியவர் ஒருவர் வந்து நிற்பது அவ்வூரார்க்குப் புதுமையன்று. குமரி மாவட்டத்துக் குளச்சல் அத்தகைய ஊர்களுள் ஒன்றாகும்.

குளச்சல், நாகர்கோவிலுக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அரபிக்கடலின் கரையில் அமைந்துள்ளது. நாஞ்சில் நாட்டு நெல்வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து, இரணியல் வழியாகச் சென்றால் இவ்வூரை அடையலாம். கடலினின்று தலைதூக்கி நிற்கும் பாறைகள் அலைகளின் வேகத்தைத் தணிக்கின்றன. அப்பாறைகளின் மறைவில் அமைந்த இயற்கைத் துறையே ஊரின் பெருமைக்கும் பிழைப்புக்கும் காரணமாயிற்று.

புறப்படுமுன்

தனியே செல்பவர் புறப்படுமுன் காலம் அறிதல் வேண்டும். விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத காலம் ஒன்று உண்டு. மீனினம் பெருகும் பொருட்டு, மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த குளச்சலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் அவற்றுக்குத் தடை விதிக்கப்படுகிறது. அதே மாவட்டத்தில் குமரிமுனையை அடுத்த சின்னமுட்டத்திலோ, கிழக்குக் கடற்கரைக்குரிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அத்தடை நிலவும். ஒரு மாவட்டத்தில் இரு கடற்கரைகள், இரு நாள்கணக்குகள்! இதனை அறியாமல் செல்பவர், வெறிச்சோடிய துறையைக் கண்டு, 'இங்கே ஒன்றுமில்லை' என்று கருதித் திரும்பிவிடுவர்.

செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாருக்குச் சொல்லிவிட்டுச் செல்லுதல் வேண்டும். கடலுக்குச் செல்லும் மீனவரும் அவ்வாறே சொல்லிச் செல்வர். கையில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருத்தல் நன்று. கண்டதைக் காட்டிலும் கேட்டது விரைவில் மறந்துபோகும்.

விடியற்காலைத் துறை

துறைமுகத்தைக் காணத் தக்க நேரம் விடியற்காலையே. கீழ்வானம் வெளுக்குமுன் படகுகளின் ஒலி கேட்கத் தொடங்கும். ஆழ்கடல் சென்ற விசைப்படகுகளும், வலை வீசி மீண்ட நாட்டுப்படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் துறையை அடையும். சாளை, நெத்திலி, அயிலை, சூரை, நெய்மீன், கணவாய் என மீன்கள் குவியல் குவியலாகக் கரையேறும். உடனே ஏலம் தொடங்கும். ஏலம் கூறுவோர் குரல் அலையோசையையும் மீறி எழும். சிறிது நேரத்திற்கெல்லாம் மீனவப் பெண்கள் தத்தம் கூடைகளுடன் உள்நாட்டு ஊர்களை நோக்கிப் புறப்பட்டுவிடுவர். நள்ளிரவில் வலையில் அகப்பட்ட மீன், நண்பகலுக்குள் மலையடிவாரத்து வீட்டில் குழம்பாகிவிடும்.

இக்காட்சியைக் காணும் பயணி ஓரமாக ஒதுங்கி நிற்றல் வேண்டும். அவருக்கு அது காட்சி. அங்குள்ளோர்க்கு அது பிழைப்பு. ஏலம் நடக்கும் வேளையில் குறுக்கே செல்லுதலும், கேளாமல் படம் பிடித்தலும் தகாதன. பொழுது ஏறி வேலை ஓய்ந்த பின்னர், வலை செப்பனிடும் முதியோர் அருகே சென்று பணிவுடன் கேட்டால், அவர்கள் தம் கடலறிவை மனமுவந்து எடுத்துரைப்பர்.

அவ்வறிவு வியப்புக்குரியது. கரை மறையாத தொலைவில், மேலே வானமும் கீழே நீருமாக உள்ள இடத்தில், மீன் மிகுந்த பாறைத்திட்டு எங்குள்ளது என்பதை மீனவர் எவ்வாறு அறிந்தனர்? கரையிலுள்ள ஒரு கோபுரத்தையும், அதற்குப் பின்னே தொலைவில் தெரியும் ஒரு மலைமுடியையும் அவர்கள் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவர். வேறொரு திசையிலும் அவ்வாறே இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்துவர். அவ்விரு கோடுகளும் சந்திக்கும் இடமே அவர்கள் தேடும் இடம். ஒரு கோடு மட்டும் இருந்தால் படகு அக்கோட்டின்மீது எங்கும் இருக்கலாம். இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால்தான் இடம் உறுதிப்படும். பள்ளியில் கணக்கு வகுப்பில் கற்கும் உண்மையை, எழுத்தறியாத முன்னோரும் கடலில் கற்றிருந்தனர். இன்று செயற்கைக்கோளின் துணைகொண்டு இடமறியும் கருவிகள் வந்துவிட்டன. எனினும், பழைய அடையாளங்களை மறவாத முதியோர் இன்னும் இருக்கின்றனர்.

ஓர் ஊரை அறியவும் இம்முறையே ஏற்றது. நூலில் படித்தது ஒரு கோடு. ஊரார் சொல்லக் கேட்டது மற்றொரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்திலேதான் ஊரின் உண்மை உருவம் தெரியும். குளச்சலில் இதனைச் சோதித்துப் பார்க்க இடங்கள் பல உள்ளன.

வெற்றித்தூண்

கடற்கரையை அடுத்து ஒரு கற்றூண் நிற்கிறது. 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் நிகழ்ந்த குளச்சல் போரின் நினைவுச் சின்னம் அது. அக்காலத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மலையாளக் கரையின் மிளகு வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் அருகிலிருந்த சிற்றரசுகளை வென்று நாட்டை விரிவாக்கியதை அவர்கள் விரும்பவில்லை. ஆகவே, இலங்கையிலிருந்து வந்த டச்சுப்படை குளச்சலில் இறங்கி, அரசரின் தலைநகராகிய பத்மநாபபுரத்தை நோக்கி முன்னேறியது. வடக்கே போர்முனையில் இருந்த அரசர் விரைந்து திரும்பினார். டச்சுப்படை கடற்கரைக்குத் தள்ளப்பட்டு முற்றுகையிடப்பட்டது. எதிர்பார்த்த உதவி அதற்கு வந்து சேரவில்லை. இறுதியில் அப்படை சரணடைந்தது. அதன்பின் டச்சுக்காரர் இக்கரையில் மீண்டும் பழைய வலிமை பெறவில்லை. 1753ஆம் ஆண்டு மாவேலிக்கரையில் அவர்கள் திருவிதாங்கூருடன் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

இஃது நூல்கள் கூறும் செய்தி. ஊரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி ஒன்றும் உண்டு. அரசரின் படை சிறியதெனப் பகைவர் எண்ணாதிருக்கும்பொருட்டு, கடற்கரை மீனவர்கள் தம் துடுப்புகளைத் தோளில் சார்த்தியபடி வரிசை வரிசையாக நின்றனராம். தொலைவிலிருந்து நோக்கிய பகைவர்க்கு அத்துடுப்புகள் துப்பாக்கிகளாகத் தோன்றினவாம். தூண் அரசரின் வெற்றியைச் சொல்கிறது. கரையோர் கதையோ துடுப்பேந்தியோரின் துணிவைச் சொல்கிறது. தூணை மட்டும் கண்டு திரும்புபவர் கதையின் ஒரு பாதியையே கொண்டு செல்வர்.

கால்வாயும் கடற்கோளும்

வெற்றித்தூண் நிற்கும் அதே ஊரில் துயரின் நினைவிடமும் உள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்திரா தீவருகே எழுந்த நிலநடுக்கத்தால் ஆழிப்பேரலை தோன்றி இக்கரையைத் தாக்கியது. குமரி மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ எண்ணூறு பேர் உயிரிழந்தனர். குளச்சலும் அதனை அடுத்த கொட்டில்பாடும் பெருந்துயரை எய்தின.

அத்துயர் பெருகியதற்குக் காரணங்களுள் ஒன்றினைப் பயணி நேரில் காணலாம். ஊருக்கும் உள்நாட்டுக்கும் இடையே பழைய கால்வாய் ஒன்று கடற்கரையை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரத்தையும் குமரியையும் நீர்வழியால் இணைக்கும் நோக்குடன் 1860ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்பது அதன் பெயர். ஊரார் சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய் என்பர். எண்ணிய முழு நீளமும் அது வெட்டி முடிக்கப்படவில்லை. முன்னாளில் சரக்குத் தோணிகள் சென்ற அக்கால்வாய், பேரலை வந்த நாளில் தப்பியோடியோர்க்குத் தடையாயிற்று. முன்னே கால்வாய்; பின்னே கடல்; இடையே மக்கள். வாணிகத்திற்கென வெட்டிய நீர்வழி உயிர்களை விழுங்கிய இடமாயிற்று.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோதும் இம்மாவட்டத்து மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். அவர்களுள் பலர் திரும்பவில்லை. அவர்தம் குடும்பத்தார் நாள்கணக்கில் கரையில் நின்று கடலை நோக்கிக் காத்திருந்தனர். ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாள் கடற்கரை ஊர்களில் மக்கள் மலர்தூவி மாண்டோரை நினைவுகூர்கின்றனர். நினைவிடத்தின் முன் நிற்கும் பயணி அங்கே பேசவேண்டுவது ஒன்றுமில்லை. சிறிது நேரம் அமைதியாக நின்று செல்வதே தக்கது.

பகைவராய் வந்தவர்

நண்பகலில் பயணி உள்நாட்டுப் பக்கம் திரும்பலாம். வழியில் பசி எடுப்பின், இந்நாட்டு உணவாகிய மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் பசியாற்றும். இக்கிழங்கும் ஒரு கடற்பயணியே. தென்னமெரிக்காவில் தோன்றிய இது, கப்பலேறி இந்தியக் கரையை அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசர் விசாகம் திருநாள் இதனைப் பயிரிடுமாறு மக்களை ஊக்குவித்தார். அரிசி கிடைக்காத காலங்களில் ஏழை எளியோரைக் காத்த உணவு இது.

தக்கலைக்கு அருகே, புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டி உதயகிரிக் கோட்டை உள்ளது. அக்கோட்டையினுள் இடிந்த தேவாலயம் ஒன்றில் ஒரு கல்லறை காணப்படுகிறது. அங்கே துயில்பவர் எஸ்தாக்கியுஸ் டி லனாய். இவர் 1715ஆம் ஆண்டு, இன்று பிரான்சு நாட்டிலுள்ள அராஸ் என்னும் ஊரில் பிறந்தவர், டச்சுக் கம்பெனியின் படைத்தலைவருள் ஒருவராகக் குளச்சலுக்கு வந்தவர், தோற்றுச் சிறைப்பட்டவர். மார்த்தாண்டவர்மர் அவரை ஒறுத்து ஒழிக்கவில்லை. அவர்தம் திறமையைப் போற்றித் தம் படையிற் சேர்த்துக்கொண்டார். டி லனாய், திருவிதாங்கூர் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார்; கோட்டைகளை வலுப்படுத்தினார்; உதயகிரியில் பீரங்கி வார்க்கும் உலை அமைத்தார். 'வலிய கப்பித்தான்' என மக்கள் அவரை அழைத்தனர். 1777ஆம் ஆண்டு இங்கேயே மறைந்தார். அவர் கல்லறையில் இலத்தீன் மொழியிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருமொழி அவர் பிறந்த திசையைக் காட்டுகிறது. மற்றொருமொழி அவர் வாழ்ந்த மண்ணைக் காட்டுகிறது. துறைமுகத்தின் வழியே பகைவராய் வந்த ஒருவர், முப்பத்தாறு ஆண்டுகள் இந்நாட்டவராய் வாழ்ந்து முடிந்தார்.

அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும் கண்டு செல்லுதல் நலம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இதுவே. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தபோதிலும், இவ்வரண்மனையைக் கேரள அரசே பேணி வருகிறது. மரத்தில் செதுக்கிய மலர்க்கூரைகளும், கண்ணாடிபோல் மின்னும் கருந்தளங்களும் காண்போரைக் கவரும். ஆங்கு வைக்கப்பட்டுள்ள பெரிய சீனச் சாடிகள், கடல் கடந்து வந்த வாணிகத்திற்குச் சான்று பகர்கின்றன. திங்கட்கிழமைகளில் அரண்மனை மூடப்பட்டிருக்கும் என்பதைப் பயணி நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கயிற்றில் ஒட்டிய மணல்

பிற்பகலில் மீண்டும் கடற்கரைக்கு வந்தால் மணவாளக்குறிச்சியை அடையலாம். இங்கே கடல்மணல் சில இடங்களில் கருமையாகவும் செம்மையாகவும் மின்னும். மலைகளிலிருந்து ஆறுகள் அரித்துக் கொணர்ந்த கனிமங்களை அலைகள் கரையில் ஒதுக்கிச் சேர்த்ததன் பயன் அது. அம்மணலின் மதிப்பு வெளியுலகிற்குத் தெரிந்த வரலாறு சுவையானது.

1909ஆம் ஆண்டு சோம்பர்க் என்னும் செருமானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிச் சென்ற தென்னங்கயிற்றில் மணல்துகள்கள் ஒட்டியிருப்பதைக் கண்டார். எவரும் தட்டிவிட்டு மறந்திருக்கக்கூடிய அத்துகள்களை அவர் ஆராய்ந்தார். அவற்றுள் மோனசைட்டு என்னும் கனிமம் இருப்பது தெரிந்தது. அதிலிருந்து பெறப்படும் தோரியம், அக்காலத்து எரிவாயு விளக்குகளின் வலைகளுக்கு இன்றியமையாத பொருளாயிருந்தது. கயிறு வந்த வழியைத் தேடி அவர் இக்கரைக்கே வந்தார். மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. பின்னாளில் 1965ஆம் ஆண்டு அத்தொழில் இந்திய அரசின் அருமணல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. எரிவாயு விளக்கின் காலம் மறைந்தது. தோரியமோ இன்று அணுவாற்றலுக்குரிய பொருளாக எண்ணப்படுகிறது. மணல் எடுப்பதால் கரை அரிக்கப்படுமோ, உடல்நலம் கெடுமோ என்னும் கவலையும் கடற்கரை ஊர்களில் எழுந்துள்ளது. மணலின் மதிப்பு ஒரு கோடு. மணல்மேல் வாழ்வோரின் கவலை மற்றொரு கோடு. இரண்டையும் ஒருங்கே நோக்குவதே அறிவுடைமை.

கலங்கரை விளக்கத்தருகே

பொழுது சாயும் வேளையில் முட்டம் பயணியை அழைக்கும். இங்கே நிலம் பாறையாக எழுந்து கடலுக்குள் நீண்டுள்ளது. அப்பாறை முனையின்மேல் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மேற்கே கதிரவன் கடலில் இறங்கும் காட்சி காணத் தெவிட்டாதது. ஆயினும், தனியே செல்பவர் இங்கே மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும். அலை நனைத்த பாறை வழுக்கும். அமைதியாகத் தோன்றும் கடலிலிருந்து திடீரெனப் பேரலை எழும். கைப்பிடித்துத் தூக்கத் துணையில்லாதவர் பாறை விளிம்பிற்குச் செல்லலாகாது. அறியாத நீரில் இறங்கலாகாது. 'இவ்விடம் நல்லதா?' என்று உள்ளூரார் ஒருவரைக் கேட்பது கோழைத்தனமன்று. கடலில் பிறந்து வளர்ந்தோரே காற்றையும் நீரோட்டத்தையும் கேட்டறிந்துதான் படகைத் தள்ளுகின்றனர்.

இருள் பரவியதும் விளக்கம் சுழன்று ஒளி வீசத் தொடங்கும். கரையில் நின்று காண்பார்க்கு அது அழகிய ஒளி. கடலில் மிதக்கும் படகினர்க்கோ அது, 'இதோ பாறை, இதோ கரை' என்று எச்சரிக்கும் குரல். அந்நேரத்தில் தொலைவில் சிறு சிறு புள்ளிகளாக ஒளிகள் தோன்றும். அவை இரவு மீன்பிடிக்கச் சென்ற படகுகளின் விளக்குகள். காலையில் ஏலக்குரலைக் கேட்ட பயணி, அவ்வொளிகளை இப்போது வேறு விதமாக நோக்குவார். ஒவ்வோர் ஒளியின் பின்னும் ஒரு வீடு உண்டு என்பதையும், அவ்வீட்டில் ஒருவர் விழித்திருப்பார் என்பதையும் அவர் உணர்வார்.

குளச்சல் துறைக்குக் காலையில் தனியே வந்தவர், மாலையில் திரும்பும்போதும் தனியேதான் செல்வார். ஆயினும் வந்தபோது அவரிடம் இருந்தது ஓர் ஊரின் பெயர் மட்டுமே. இப்போது துடுப்பேந்தி நின்றோர் கதையும், கால்வாய்க் கரையின் துயரும், இருமொழிக் கல்லறையும், கயிற்றில் ஒட்டிய மணலும் அவருடன் செல்கின்றன. அவற்றுள் சிலவற்றைக் கண்ணால் கண்டார். சிலவற்றைக் காதால் கேட்டார். கண்டதும் கேட்டதும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அவ்வூர் அவர் உள்ளத்தில் நிலைபெறுகிறது. மீனவர் கடலில் இடமறிவதும் அவ்வாறே அன்றோ!